வேலை கிடக்கட்டும், ஆள் வந்திருக்கு: ஓர் எளிய விளக்கம்

இலங்கையின் வடக்கே வன்னியில் ஓர் ஊரில் செத்தவீடு என்றால் அன்றைக்கு வேலை நிற்கும். விதைப்பு மாதமாக இருந்தாலும் அந்த ஒழுங்கைக்குள் உழவு மெசின் ஓடாது. பந்தல் போட ஒருவர், கதிரை ஏற்ற ஒருவர், தேத்தண்ணிக்குச் சீனி வாங்க ஒருவர் என்று யாரும் சொல்லாமலே ஆட்கள் பிரிந்து போவார்கள். எட்டுச் செலவு வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிற கவலையைப் பக்கத்து வீடுகள் எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

விளக்க வேண்டியது சாதாரணச் செவ்வாய்க்கிழமையை. சாவும் இல்லை, கலியாணமும் இல்லை, கோயில் பொங்கலும் இல்லை. நீங்கள் மிளகாய்க் கன்றுக்கு மருந்து அடிக்க மெசினில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நிற்கிறீர்கள். படலையில் சைக்கிள் மணி கேட்கிறது. பக்கத்து ஊர்ப் பெரியப்பா. என்ன விசயம் என்று கேட்டால், "சும்மாதான் வந்தனான்" என்கிறார். இப்போது முதலில் மருந்தா, பெரியப்பாவா?

அன்றாட வேலையைவிட உறவுக்கு முதலிடம் கொடுப்பது என்று சொல்வது இப்படிப்பட்ட நேரத்தைப் பற்றித்தான். வேலையை விட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்கச் சொல்லும் யோசனை என்று இதைப் பலர் பிழையாக எடுத்துக்கொள்கிறார்கள். விசயம் வரிசை சம்பந்தப்பட்டது. ஒரு வேலையும் ஓர் ஆளும் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நிற்கும்போது உங்கள் கவனம் யாரிடம் முதலில் போகிறது என்பதுதான் கேள்வி. மெசினை இறக்கி வைத்து, நிமிர்ந்து பார்த்து, "வாங்கோ பெரியப்பா, இருங்கோ, கலக்கின மருந்து பழுதாப் போகும், இந்த நாலு வரிசையையும் அடிச்சிட்டு ஓடி வாறன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் தோட்டத்துக்குப் போனால், முதலிடம் அவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. மாறாக, அவரை விறாந்தையில் இருத்தி, தேத்தண்ணியும் கொடுத்து, அரைமணி நேரம் போனை நோண்டிக்கொண்டே "ம்… ம்…" என்று கேட்டால் நேரம் போயிருக்கும், முதலிடம் போயிராது. மணிக்கணக்கை வைத்து இதை அளக்க முடியாது.

சரி, இவ்வளவு சின்ன விசயம் ஏன் கஷ்டமாக இருக்கிறது?

வேலைக்குக் கெடு இருக்கிறது. உறவுக்கு இல்லை. நுண்கடன் தவணைக்கு வாரத்தில் ஒரு நாள் குறித்திருக்கும், அன்றைக்கு ஆள் வாசலில் வந்து நிற்பார். கரண்ட் பில்லில் சிவப்பில் எழுதி வரும். வாய்க்காலில் உங்கள் முறை இரவு பதினொரு மணிக்கு என்றால் பதினொரு மணிக்கு நீங்கள் மண்வெட்டியோடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். ஆனால் அக்காவைப் பார்த்து ஆறு மாதம் ஆகிவிட்டது என்று எந்த நோட்டீசும் வராது. பேசாமல் இருந்ததற்கு வட்டி போட்டு யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே சத்தம் போடுகிற காரியத்தை முதலில் செய்கிறோம். சத்தம் போடாதது பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது.

இது நம்முடைய குணக்குறை மட்டும் இல்லை என்று ஆராய்ச்சிகளும் காட்டியிருக்கின்றன. மெங் ஷூ, யாங் யாங், கிறிஸ்டோபர் ஷீ என்ற மூவர் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத்தான் சோதித்தது. இரண்டு வேலைகளைக் கொடுத்து ஒன்றைத் தெரியச் சொன்னார்கள். ஒன்றில் கூலி அதிகம், அவசரம் இல்லை. மற்றதில் கூலி குறைவு, ஆனால் அந்த வாய்ப்பு சீக்கிரம் கைநழுவிவிடும் என்ற தோற்றம். கணிசமான பேர் கூலி குறைந்த அவசர வேலையையே எடுத்தார்கள். அந்த அவசரம் வெறும் தோற்றம்தான், உண்மையில் நேர நெருக்கடி ஒன்றும் இருக்கவில்லை. நெருங்கி வருகிற முடிவுநேரம் என்ற ஒன்றே மனதை இழுக்கப் போதும்.

இதைவிடப் பழைய ஒரு சோதனை இன்னும் சங்கடமானது. 1973இல் ஜோன் டார்லி, டானியல் பற்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படித்த மாணவர்களை வைத்துச் செய்தது. ஒவ்வொருவரையும் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சின்ன உரை நிகழ்த்த அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, விவிலியத்தில் வரும் நல்ல சமாரியன் கதை. வழியில் கிடப்பவனுக்கு உதவிய அந்நியனின் கதை அது. மடுத் திருவிழாவுக்குப் போய் வருகிற எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போகும் வழியில் ஒருவர் வாசலில் சுருண்டு, இருமிக்கொண்டு கிடந்தார். அவர் ஆராய்ச்சியாளர்கள் வைத்த ஆள். "நேரமாகிவிட்டது, ஓடுங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் உதவ நின்றவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் மட்டுமே. "இன்னும் நேரம் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 வீதம். எந்தத் தலைப்பில் பேசப் போனார்கள் என்பது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போன சிலரே கிடந்தவரைக் கடந்து போனார்கள். நல்ல மனம் இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். நேரம் நெருக்கும்போது மனம் எப்படிப்பட்டது என்பது அவ்வளவாகக் கணக்கில் வருவதில்லை.

இந்த இடத்தில் ஒரு முகஸ்துதியையும் தள்ளி வைத்துவிடலாம். எட்வர்ட் ஹோல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1950களின் இறுதியிலிருந்து எழுதிய ஒரு கருத்து உண்டு. சில சமூகங்கள் ஒரு நேரத்தில் ஒரு காரியம் என்று மணிக்கூட்டைப் பார்த்து நடக்கும், வேறு சில சமூகங்களில் ஒரே நேரத்தில் பல காரியங்களும் பல ஆட்களும் கலந்து ஓடும், அங்கே ஆளோடு பேசி முடிப்பது நேரத்துக்குப் போவதைவிடப் பெரிது என்றார். இதைப் படித்துவிட்டு, "வெள்ளைக்காரன் மணிக்கூட்டுக்காரன், நாங்கள் உறவுக்காரர்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். வன்னிக்காரனுக்கு இரண்டும் உண்டு. வாய்க்கால் முறையில் அவன் சுவிஸ்காரனைவிடக் கறார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வைகாசியில் போனால் மணிக்கூட்டையே மறந்துவிடுவான். பிறப்பிலேயே உறவுக்காரர் என்று யாரும் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் கைவிட்டுப் போவதுகூடத் தெரியாது.

கைவிட்டுத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஏன் என்று பார்த்தால்தான் இந்த விசயம் முழுதாக விளங்கும்.

முன்பு எங்கள் ஊர்களில் "வேலையா, உறவா" என்ற கேள்வியே பெரும்பாலும் எழவில்லை. வேலைக்குள்ளேயே உறவு இருந்தது. நெல் அறுக்கும் அருவி வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு என்னுடைய வயலில் எல்லோரும் வெட்டினால் நாளைக்கு உன்னுடைய வயலில். வெட்டி, உப்பட்டி கட்டி, களத்துக்குச் சுமந்து, சூடு வைத்து, பிறகு ஒரு நாள் சூடு அடித்து, தூற்றி, மூட்டை கட்டும் வரைக்கும் ஒரு குடும்பத்தால் தனியாக ஒன்றும் ஏலாது. அந்த வேலைக்குள் ஊர்க்கதை முழுக்கப் போய் வந்தது. யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்குக் கடன், யார் வீட்டில் கலியாணப் பேச்சு என்பதெல்லாம் வரம்பில் கஞ்சி குடிக்கும்போதே தெரிந்துவிடும். யாரையும் "பார்த்துவிட்டு வருவோம்" என்று தனியாகப் போக வேண்டியிருக்கவில்லை.

இப்போது வெட்டு மெசின் வருகிறது. வயல் முடிந்து நெல் சாக்குக்குள் வந்துவிடுகிறது, வரம்பில் நிற்பது நீங்களும் மெசின்காரரும் மட்டும். அவருக்கும் அடுத்த வயலுக்குப் போகிற அவசரம். நான் மெசினைக் குறைசொல்லவில்லை. குனிந்து வெட்டி நாரி முறிந்தவர்களைக் கேட்டால் மெசினுக்குக் கோயில் கட்டச் சொல்வார்கள். பழைய களத்தில் எல்லோருக்கும் ஒரே மரியாதை இருந்தது என்றும் சொல்லமாட்டேன். யார் எங்கே இருந்து சாப்பிட வேண்டும் என்று சாதி பார்த்த களங்கள் இருந்தன, ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த கூலி இன்றைக்கும் இருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. மெசின் வேலையை எடுத்துக்கொண்டபோது, அந்த வேலைக்குள் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த உறவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஊர்ப் பொதுக்கிணற்றடிக்குப் பதிலாக வீட்டுக்கு வீடு குழாய்க்கிணறு. பஸ்சுக்குக் காத்துநின்ற சந்திக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள். ஒவ்வொன்றும் நல்லதுதான். ஒவ்வொன்றும் ஒரு சந்திப்பை இல்லாமல் செய்தது.

அதனால்தான் உறவுக்கு இப்போது தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. தனியாக ஒதுக்க வேண்டிய எதுவும் வேலைப் பட்டியலோடு போட்டி போட வேண்டும், போட்டியில் கெடு உள்ளதே வெல்லும். நம் தாத்தா பாட்டிமார் நம்மைவிட அன்பானவர்கள் என்பதால் அப்படி வாழவில்லை. அவர்களுக்கு வழி வேறு இருக்கவில்லை. நமக்கு வழி இருக்கிறது, ஆகவே நாம் தெரிந்தெடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. தொடங்குகிறவர் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் இலகு.

வேலைக்குள் உறவு இன்னும் மிஞ்சியிருக்கும் இடம் குளம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவானாலும், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அல்லது பெயரே வெளியில் தெரியாத ஒரு சின்னக் குளமானாலும், தண்ணீரைத் தனியாக யாரும் ஆள முடியாது. சிறுபோகத்தில் குளத்து நீர் எல்லாக் காணிக்கும் காணாது. எத்தனை ஏக்கர் செய்வது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று கூட்டம் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் கத்துவார்கள், கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போவார்கள், பிறகு திரும்பி வந்து இருப்பார்கள். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவன் தன் முறை முடிந்ததும் மதகை அடைக்கிறானா என்பதில்தான் கடைசி வயல்காரனின் சோறு இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அதைப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். கடைசி வயல்காரனின் மகளுக்குச் சோதனை நடக்கிறது, அவனுக்குப் போன போகம் நட்டம் என்று தலைப்பு வயல்காரனுக்குத் தெரிந்திருந்தால் மதகு நேரத்துக்கு அடைபடும் வாய்ப்பு கூட. தெரியாவிட்டால், "பத்து நிமிசம்தானே" என்று போகும்.

எலினோர் ஒஸ்ட்ரோம் என்ற அறிஞர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இப்படிப்பட்ட பொதுச் சொத்துகளைப் படிப்பதில் செலவிட்டார். நேபாளத்து வாய்க்கால்களைப் பற்றி அவரும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வில், அரசு கொங்கிறீட் போட்டுக் கட்டி நடத்திய பல திட்டங்களைவிட விவசாயிகள் தாங்களே பேசி நடத்திய பழைய மண் வாய்க்கால்கள் கடைசி வயலுக்குத் தண்ணீர் சேர்ப்பதில் திறமாக இருந்தது தெரியவந்தது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது, அந்தத் துறையில் அதைப் பெற்ற முதற்பெண் அவர்தான். அவர் சொன்னதைச் சுருக்கினால் எங்கள் கமக்காரர் சிரிப்பார்கள்: அடிக்கடி கண்டு பேசுகிறவர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவது குறைவு.

உறவு என்பது மனத்திருப்திக்கு மட்டும் இல்லை என்பதற்கு இது ஒரு சாட்சி. இன்னும் இருக்கிறது. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் 148 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். நல்ல உறவுப் பின்னல் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலம் முடிய உயிரோடு இருக்கும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட 50 வீதம் கூடுதலாக இருந்தது. ஹாவார்ட் பல்கலைக்கழகம் 1938இல் தொடங்கி இன்றுவரை நடத்துகிற ஆய்வு 724 ஆண்களை இளமையிலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்தது. 50 வயதில் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே 80 வயதில் உடம்பும் நலமாக இருந்தார்கள், கொலஸ்ட்ரோல் அளவைவிட அது நன்றாக முன்னறிவித்தது என்கிறார்கள். அவர்கள் எல்லோரும் பொஸ்டனைச் சுற்றி வாழத் தொடங்கிய வெள்ளைக்கார ஆண்கள் என்பதை மறக்க வேண்டாம், எங்கள் ஆச்சிமாரை யாரும் அப்படி எண்பது வருசம் அளந்து பார்க்கவில்லை.

இடர் வந்தால்தான் கணக்கு வெளியில் தெரியும். டானியல் ஆல்ட்ரிச் என்ற ஆய்வாளர் பெரும் அழிவுகளுக்குப் பிறகு ஊர்கள் எப்படி எழும்புகின்றன என்று படித்தவர். 1995இல் ஜப்பானின் கோபே நகரம் நிலநடுக்கத்தில் எரிந்தபோது, மனோ என்ற பகுதியில் அயலவர்கள் ஏற்கெனவே சேர்ந்து பழகியிருந்ததால் வரிசையாக நின்று வாளியில் தண்ணீர் மாற்றி நெருப்பை அணைத்தார்கள். அப்படிப் பழக்கமில்லாத பகுதியில் வீடுகள் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2018 மார்கழி கடைசியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. எந்த வீட்டில் நடக்கமாட்டாத கிழவர் படுத்திருக்கிறார் என்று அயலுக்குத் தெரிந்திருந்தால் அந்த வீட்டுக்கு முதலில் ஆள் போகும். முன்பே வந்து போயிருந்தால்தான் தெரியும்.

அதற்கு முன்பு, 2009இல் போர் முடிந்ததற்குப் பிந்திய நாட்களும் இருக்கின்றன. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குக் கூடாரம் வேறு வேறு ஊர். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்படும் வரை அங்கே வரிசையில் ஒன்றாக நின்றவர்கள் இன்றைக்கும் ஒருவர் வீட்டுக் காரியத்துக்கு ஒருவர் போகிறார்கள். மீளக் குடியேறிய பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் 5,50,000 ரூபா கட்டங்கட்டமாகத்தான் வந்தது. ஒரு கட்டம் எழும்பினால்தான் அடுத்த காசு. கல் அரியவும் மண் சுமக்கவும் ஆள் சேர்ந்த வீடு சுவர் மட்டத்துக்கு வந்துவிடும், ஆள் இல்லாத வீட்டில் அத்திவாரத்தில் புல் முளைக்கும்.

இதில் இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும், உதாரணம் ஆக்கிப் பேசக் கூச்சமாகவும் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்பாகத் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பெரும்பாலும் தாய்மார். கூலி வேலையை, ஆட்டை மாட்டை, வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து இருந்தார்கள். பதில் கிடைக்காமலே சிலர் இறந்தும் போனார்கள். அவர்களிடம் போய் உறவுக்கு முதலிடம் என்றால் என்ன என்று யாரும் விளக்கப் போக வேண்டாம்.

இனி இந்தக் கருத்தின் இருண்ட பக்கம். இதைச் சொல்லாத விளக்கம் அரைகுறை.

அதே ஆல்ட்ரிச் 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்திய தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களையும் படித்தார். ஊர்க் கட்டுக்கோப்பு பலமாக இருந்த கிராமங்களுக்கு உதவி விரைவாக வந்தது. ஆனால் அந்தக் கட்டுக்கோப்புக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த தலித்துகளும் விதவைகளும் பட்டியலிலேயே வரவில்லை. உறவு பலமாக இருந்தது, அதனாலேயே வெளியே நின்றவனுக்குக் கதவு இறுக மூடியது. வன்னியிலும் இந்தக் கதவு உண்டு. மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்கிற குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், ஊர்ச் சங்கத்தில் எப்போது கதிரை கிடைத்தது என்று. கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு ஆண் துணையில்லாமல் போகக் கூடாது என்று சொல்லியே அந்த வீட்டுக்கு யாரும் போகாமல் இருப்பதும் உண்டு. அலுவலகத்தில் "தெரிஞ்ச ஆள்" என்று வரிசையை வெட்டிக் கோப்பை நகர்த்துவதையும் உறவுக்கு முதலிடம் என்றே சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். அது வேறு வியாபாரம். வரிசையில் நிற்கிற தெரியாத கிழவியும் ஆள்தான். ஆளுக்கு முதலிடம் என்பது "எங்கட ஆளுக்கு முதலிடம்" என்று சுருங்கினால் அதைக் கைவிடுவதே மேல்.

இன்னொன்று, தேத்தண்ணி யார் போடுகிறார்கள்? பெரியப்பா வந்தார், மகன் வேலையை வைத்துவிட்டு விறாந்தையில் இருந்து கதைத்தார், எல்லோரும் மெச்சினார்கள். உள்ளே ஒருத்தி தையல் மெசினை நிறுத்தி, அடுப்பை மூட்டி, தேத்தண்ணி போட்டு, வந்தவர் இருந்து சாப்பிடுவாரோ என்று அரிசியைக் கூடப் போட்டு, பிறகு இரவு பதினொரு மணிவரை தைத்தாள். வீட்டு ஆணின் உறவுக்கு முதலிடம் வீட்டுப் பெண்ணின் நித்திரையில் இருந்து வருகிறது. வன்னியில் பெண்ணே குடும்பத்தைக் கொண்டு நடத்துகிற வீடுகள் ஏராளம், அங்கே வருகிற ஒவ்வொரு விருந்தாளியும் ஒரு கூலி நேரம். எனவே போகிறவரும் கொஞ்சம் யோசிக்கலாம். குசினிக்குள் போய் வெங்காயம் உரித்துக்கொண்டே கதைக்கலாம். "அக்கா, நீங்க இருங்கோ, தேத்தண்ணியை நான் போடுறன்" என்று மச்சான் சொன்னால் வானம் இடிந்து விழாது.

தொடங்க நினைக்கிறவருக்குச் சில வழிகள். பெரிய தீர்மானம் எதுவும் எடுக்க வேண்டாம், எடுத்தால் இரண்டு கிழமையில் விட்டுவிடுவீர்கள்.

முதல் நிமிடத்தைக் கொடுப்பது எல்லாவற்றிலும் இலகு. யார் வந்தாலும் கையில் இருப்பதை வைத்துவிட்டு முகம் பார்த்து இரண்டு வார்த்தை. அப்புறம் வேலை இருந்தால், இருக்கிறது என்று நேராகச் சொல்லலாம். ஏலாத நாளில் "ஏலாது" என்று சொல்வதும் மரியாதைதான், ஆனால் எப்போது ஏலும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "இண்டைக்குத் தண்ணி முறை அண்ணை, நாளைக்குப் பின்னேரம் நானே வீட்ட வாறன்" என்றால் அது சொல். "பிறகு பாப்பம்" என்றால் அது கழற்றி விடுவது, கேட்கிறவருக்கும் அது தெரியும். சொன்ன நாளில் போகாமல் விட்டால் வராமல் இருந்ததைவிட மோசம்.

இரண்டாவது, வேலையையும் உறவையும் மறுபடி ஒன்றாகப் போடுவது. களம் போனால் போகட்டும், வேறு வேலைகள் இருக்கின்றன. பசளை எடுக்கப் பரந்தன் போகிறீர்கள் என்றால் தனியாகப் போகாமல் பக்கத்து வீட்டுத் தம்பியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போங்கள். மிளகாய் ஆய்கிற நாளில் தங்கச்சியைக் கூப்பிட்டு, அவளுடைய முறைக்கு நீங்கள் போங்கள். நெல்லைக் காயப்போட்ட நேரம் மழை இருட்டிக்கொண்டு வர யாராவது வந்து சேர்ந்தால் "இருங்கோ" என்று உபசரிக்க வேண்டாம், படங்கின் மற்ற முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். விருந்தாளியாக இருப்பதைவிட ஆளாக இருப்பது பலருக்கும் பிடிக்கும்.

பிள்ளைகளோடு இது இன்னும் நுணுக்கம். ரியூசனுக்கு ஏற்றி இறக்குவது, காசு கட்டுவது, கொப்பி வாங்குவது எல்லாம் பிள்ளைக்காகச் செய்கிற வேலைகள். அவை பிள்ளையோடு இருப்பதாகிவிடாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து பிள்ளை ஏதோ சொல்லும், காற்றில் கேட்காது, நாமும் "ஓம் ஓம்" என்போம். இறங்கியதும் "என்ன சொன்னனீ?" என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

கைமாற்றுக் கேட்கும் நாளில் மட்டும் ஒரு வீட்டுப் படலையைத் திறக்கிற பழக்கத்தை விடுவது நல்லது. ஊரில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லோரும் கணக்கு வைத்திருப்பார்கள். நடுவில் காரியமில்லாமல் ஒரு தரம் போய் வந்தால் கேட்கிற நாளில் கேட்பதும் சுகம்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், சகோதரங்களோடு பேசுவதற்கும் ஒரு நேரத்தைக் குறித்துவிடுங்கள். வேலைக்குத்தான் கெடு இருக்கிறது என்று மேலே சொன்னோம், உறவுக்கும் ஒன்றை நாமே வைத்துக்கொள்ளலாமே. ஞாயிறு பின்னேரம் ஏழு மணி வன்னிக்குத் தோதான நேரம், சாமி விளக்கு வைத்தாயிற்று, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அப்போது லண்டனில் பகல் ஒன்றரை, அவர்களுடைய கோடைக்காலத்தில் இரண்டரை. ரொறன்ரோவில் காலை எட்டரை அல்லது ஒன்பதரை, ஞாயிறு என்றபடியால் ஆட்கள் வீட்டில்தான் நிற்பார்கள். கூரைத் தகரத்துக்கோ மெசின் தவணைக்கோ காசு கேட்க வேண்டியிருந்தால், அதற்குப் புதன்கிழமை எடுங்கள்.